எண்ணியவனுக்கே இழப்புத் தெரியும்

(நம் பங்கின் பவள விழாவையொட்டி, பங்கு நடுநிலைப் பள்ளியில் கூடிய ஆசிரியர், பெற்றோர் முன்னிலையில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)

 

விழாக் காலத்தில் பேசுகிறவர் கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுவது வழக்கம். கல்வி கண் என்றும், ஆசிரியர் ஏணி என்றும், பள்ளி கோயில் என்றும் நாமும் பல மேடைகளில் பேசியிருக்கிறோம். இன்று அவ்வாறு பேசப் போவதில்லை. ஆசிரியரின் மேசைமேல் அடுக்கி வைத்திருக்கும் ஏடுகளைப் பற்றியே பேச விரும்புகிறோம். ஆண்டுத் திட்டம், பாடக்குறிப்பேடு, வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு ஆகிய இவைதாம் இன்றைய பொருள். "விழா நாளில் இதுவா பேச்சு?" என்று சிலர் முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறோம். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். இந்த ஏடுகளுக்குள் ஒரு பிள்ளை கிடைத்த கதையும் இருக்கிறது. ஒரு பிள்ளை தொலைந்த கதையும் இருக்கிறது.

காணாமற்போன ஆட்டின் உவமையை நாம் எல்லாரும் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். நூறு ஆடுகளில் ஒன்று வழி தவறிப் போயிற்று. மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போனான். அவன் அன்பைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் செய்திருக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை நாம் நெடுங்காலம் கேட்டதில்லை. ஒன்று குறைகிறது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? நூறு ஆட்டு மந்தையும் தொண்ணூற்றொன்பது ஆட்டு மந்தையும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தோன்றாது. அவன் எண்ணியிருக்கிறான். அதனால்தான் அவனுக்கு இழப்புத் தெரிந்தது. தேடிப் போன அன்புக்கு முன்னால், உட்கார்ந்து எண்ணிய அன்பு ஒன்று இருந்தது. பதிவேடு என்பது அந்த எண்ணிக்கைதான்.

ஒரு சிறுவனும் நாற்பத்திரண்டு ஆடுகளும்

நாம் இப்பங்குக்கு வந்தது 2021ஆம் ஆண்டு. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் நம் மாநிலத்தில் மீண்டும் திறந்தன. பங்குத் தந்தை என்ற முறையில் பள்ளியின் தாளாளர் பொறுப்பும் நம்மைச் சேர்ந்தது. மாத இறுதியில் வருகைப் பதிவேடுகள் நம் மேசைக்கு வரும். அடியில் கூட்டுத்தொகை சரிதானா என்று பார்ப்போம், கையொப்பமிடுவோம். அத்துடன் நம் கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தோம்.

2022-23 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பெயர் வேண்டாம். நிலமில்லாத குடும்பங்கள் பல, முன்பணம் வாங்கிக்கொண்டு பொங்கலுக்குப் பின் செங்கல் சூளைக்குப் போவதும், ஆனி, ஆடியில் ஊர் திரும்புவதும் உங்களுக்குத் தெரியாததன்று. அவன் குடும்பமும் அப்படிப் போயிற்று. மூன்றாம் பருவம் முழுவதும் அவன் பெயருக்கு நேரே வராத குறிதான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை என்ற விதிப்படி அவனும் ஏழாம் வகுப்புக்கு வந்தான். மூன்று வாரம் வந்தான். பிறகு வரவில்லை. "நீண்ட நாள் வராதவர்" என்று சிவப்பு மையில் ஒரு வரி எழுதப்பட்டது. அதன் கீழும் நம் கையொப்பம் இருக்கிறது.

அவ்வாண்டு நவம்பரில், அடைமழை நாள் ஒன்றில், கிளைக் கிராமத்தில் திருப்பலி முடித்துத் திரும்பிக் கொண்டிருந்தோம். ஏரிக்கரையில் சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பையன் ஆடுகளை ஓட்டி வந்தான். வண்டியை நிறுத்தினோம். அவனேதான்.

"தோத்திரம் சாமி" என்றான்.

"எத்தனை ஆடப்பா?" என்று பேச்சுக் கொடுத்தோம்.

"நாப்பத்திரண்டு சாமி. காலையில எண்ணித்தான் அவுப்பேன். சாயங்காலம் எண்ணித்தான் அடைப்பேன். ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டுக்குப் போக முடியாது."

"பள்ளிக்கூடத்தை ஏன் விட்டே?"

முதலில் பதில் சொல்லவில்லை. கால் விரலால் சேற்றைக் கிளறிக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "கணக்கு சார் நம்பருக்கு முன்னாடி கழித்தல் கோடு போட்டு எழுதினாரு சாமி. எதுலேருந்து கழிக்கிறதுன்னே எனக்குத் தெரியல. மத்தப் பிள்ளைங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. கேக்க வெக்கமா இருந்துச்சு."

அன்று மாலை பள்ளிக்குச் சென்று புத்தகங்களை எடுத்துப் பார்த்தோம். 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த பாடநூல்களில், ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்கில்தான் பின்னமும் முழுக்களும் வருகின்றன. சுழியத்துக்குக் கீழே உள்ள எண்களை, அந்தக் கழித்தல் கோடு போட்ட எண்களை, பிள்ளை முதன்முதல் சந்திப்பது அங்கேதான். ஏழாம் வகுப்பு முதல் பருவமோ அந்த முழுக்களைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் சொல்லித் தொடங்குகிறது. இடையில் இருந்த படியில் அவன் கால் வைக்கவே இல்லை. சூளையில் கல் அறுத்துக் கொண்டிருந்தான். ஏழாம் வகுப்பு ஆசிரியர் நல்லவர், திறமையுள்ளவர். அவருக்கு இது தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்கு அவன் பெயர் போயிற்று, "தேர்ச்சி" என்ற சொல் போயிற்று. அவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்ற ஒரு வரி போகவில்லை.

ஆட்டுக்காரர் நாள்தோறும் இருமுறை எண்ணினார். நாம் மாதம் ஒருமுறை கூட்டினோம், எண்ணவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள நமக்கு வெட்கமாயிருக்கிறது. ஆயினும் விழா மேடையில் புகழ்ச்சி மட்டுமே பேசினால் அது முழு உண்மையாகாது.

ஏடு நமக்குப் புதிதன்று

எழுதி வைப்பது ஏதோ அரசாங்கம் நம்மேல் சுமத்திய வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. 1614ஆம் ஆண்டு வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், ஒவ்வொரு பங்கிலும் ஐந்து ஏடுகள் வைக்குமாறு பணித்தது. திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகிய நான்கோடு, எந்த வீட்டில் எந்த ஆன்மாக்கள் வாழ்கின்றன என்று காட்டும் குடும்ப ஏடும் அதில் ஒன்று. திருமுழுக்கு ஏட்டின் ஓரத்தில் சிறிது இடம் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து உறுதிபூசுதல் பெற்றால், மணம் முடித்தால், அல்லது குருவானால், அவையெல்லாம் அந்த ஓரத்தில் ஏறும். எங்கோ தொலைதூரத்தில் மணம் நடந்தாலும் அங்கிருந்து கடிதம் வரும், நாம் குறிப்போம். ஒரு வரி ஒரு மனிதனை வாழ்நாள் முழுதும் பின்தொடர்கிறது. திருச்சபை யாரையும் தொலைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

கல்வியிலும் அப்படியே. இயேசு சபையார் தங்கள் கல்லூரிகளுக்காக 1599இல் வகுத்த கல்வித் திட்டத்தில், எந்த வகுப்பில் எதை எந்த நேரத்தில் கற்பிப்பது என்பது மட்டும் சொல்லப்படவில்லை. ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் பெயர்களை அகர வரிசையில் எழுதி, மிக நல்லவர், நல்லவர், நடுத்தரமானவர், ஐயத்துக்குரியவர் என்ற முறையில் பிரித்து, 1 முதல் 6 வரை எண்களால் குறித்து வைக்கலாம் என்றும், ஆண்டு நடுவில் தேவைப்பட்டால் அதைத் திருத்த வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

ஆசிரியர்களின் பாதுகாவலராக 1950இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்த புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்காக எழுதிய நடைமுறை நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1720இல் அச்சாயிற்று. பள்ளியில் வைக்க வேண்டிய பதிவேடுகளுக்கே அதில் தனி இடம் உண்டு. ஆண்டு முடிவில் ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவரின் நல்ல குணங்களையும் குறைகளையும் எழுதித் தலைமைச் சகோதரரிடம் கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு அந்த வகுப்பை ஏற்கும் ஆசிரியருக்கு அது போய்ச் சேர வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட அந்த ஒரு விதியை நம் பள்ளியில் கடைப்பிடித்திருந்தால், ஏரிக்கரையில் அந்தச் சிறுவனை நாம் சந்தித்திருக்க மாட்டோம்.

நாட்களை எண்ணித் திட்டமிடுதல்

ஆசிரியப் பெருமக்களே, இனி நடைமுறைக்கு வருவோம். ஏடுகளில் இரண்டு வகை. ஒன்று முன்னே பார்ப்பது, அது திட்டம். மற்றது பின்னே பார்ப்பது; அது பதிவு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டும். திட்டம் மட்டும் இருந்தால் அது ஆசை. பதிவு மட்டும் இருந்தால் அது புலம்பல்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் 220 வேலை நாட்களும் 1000 கற்பித்தல் மணி நேரமும் குறைந்த அளவாகக் குறிக்கிறது. பாடத்திட்டத்தைக் குறித்த காலத்துள் முடித்தல், ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் அறிதல், பெற்றோரைக் கூட்டிப் பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் சொல்லுதல் ஆகியவை ஆசிரியரின் கடமைகள் என்றும் அச்சட்டம் கூறுகிறது. சிறுபான்மையினர் பள்ளிகளை அச்சட்டம் கட்டாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அத்தீர்ப்பை மறுபடி ஆராய வேண்டும் என்று 2025இல் அதே நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று கருதியதும் உங்களுள் சிலர் அறிந்ததே. சட்டம் கட்டட்டும், கட்டாதிருக்கட்டும். மனச்சாட்சி நம்மைக் கட்டும்.

220 நாட்கள் என்பது வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 44 வாரங்கள். அறிவியலுக்கு வாரம் 6 பாடவேளை என்று கொள்வோம். மொத்தம் 264. ஆனால் இத்தனையும் நம் கைக்கு வாரா. தேர்வுகளுக்கு 24 போகும். விளையாட்டு விழா, பயிற்சி வகுப்பு, திருவிழா, எதிர்பாராத மழை விடுமுறை ஆகியவற்றுக்கு இன்னொரு 24 போகும். எஞ்சுவது 216. அதில் ஆறில் ஒரு பங்கை, அதாவது 36 பாடவேளைகளை, எந்தப் பாடத்துக்கும் ஒதுக்காமல் வெறுமையாக விட்டு வையுங்கள். புரியாததை மறுபடி சொல்லவும், வராத பிள்ளைக்குச் சொல்லவும் அது வேண்டும். மிச்சம் 180. பாடங்கள் 20 இருந்தால் ஒன்றுக்கு 9 பாடவேளை. இவ்வளவுதான் ஆண்டுத் திட்டம். ஒரு தாளில் அடங்கும். அதைப் பூட்டி வைக்காமல் மேசைக் கண்ணாடியின் கீழ் வையுங்கள்.

உழவர் மக்களுக்கு இது புதிதா? ஆடிப் பட்டம் தேடி விதை என்று நம் முன்னோர் சொன்னார்கள். நம் ஊருக்கும் ஒரு பட்டம் உண்டு. பொங்கலுக்குப் பின் வகுப்பில் தலைகள் குறையும் என்பது ஆண்டுதோறும் காணும் உண்மை. அப்படியிருக்க, அடுத்த வகுப்புக்கு அடித்தளமான பாடத்தை மாசி மாதத்துக்கு வைத்துவிட்டு, "பிள்ளைகள் வரவில்லை" என்று பங்குனியில் வருந்துவது தகுமா? பருவத் தேர்வின் ஒழுங்கை மாற்ற நமக்கு உரிமையில்லை. ஆனால் சூளைக்குப் போகும் பிள்ளைகள் யார் யார் என்று மார்கழியிலேயே தெரியும். அவர்களுக்குப் பின்னத்தையும் முழுக்களையும் அந்த வெறுமையாக விட்ட பாடவேளைகளில் முன்கூட்டியே தொட்டுக் காட்ட நமக்குத் தடையேதும் இல்லை.

வாரத் திட்டம் அரைப் பக்கம் போதும். பாடக்குறிப்போ, நான்கு பக்கம் இருந்தாலும் தலையில் ஒரே வாக்கியம் இருக்க வேண்டும்: "இந்தப் பாடம் முடியும்போது பிள்ளை இதைத் தானாகச் செய்வான்." அந்த வாக்கியம் எழுத வராவிட்டால் பாடம் நமக்கே இன்னும் தெளியவில்லை என்று பொருள். இதை நாம் அனுபவத்தால் சொல்கிறோம். குருமடத்தில் மறையுரை எழுதப் பழகிய நாட்களில், முதலில் ஒரு வரியில் கருத்தை எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு எழுத வேண்டும் என்று நமக்குக் கற்பித்தார்கள். அதை எழுதாமல் பீடத்தில் ஏறிய ஞாயிறுகளில் நாம் எவ்வளவு நேரம் பேசினோம் என்பதை நீங்கள் இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள்.

பக்கத்துக்கு ஒரு பிள்ளை

மாலையில் பள்ளி விட்டதும், வீட்டுக்குப் புறப்படுமுன், ஐந்து நிமிடம் உட்காருங்கள். நடத்தியது என்ன, எஞ்சியது என்ன என்று பணிப் பதிவேட்டில் எழுதுங்கள். காலையில் திட்டமிட்டதையே மாலையில் பெயர்த்து எழுதுவது பதிவாகாது. மழை பெய்து பாடம் நின்றுபோனால் "மழை, பாடம் நின்றது" என்று எழுதுவதில் இழிவு ஒன்றும் இல்லை. எஞ்சியதை எழுதினால்தான் நாளை அதை எடுப்போம்.

வருகைப் பதிவேட்டைப் பற்றி ஒன்று சொல்கிறோம். அதை மேலிருந்து கீழே கூட்டினால் நாள் தெரியும். இடமிருந்து வலமாகப் படித்தால் பிள்ளை தெரியும். நாம் கீழ்நோக்கியே கூட்டி வந்தோம். அதனால் நேர்ந்ததைக் கேளுங்கள். அதே ஆண்டில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. படிப்பில் கெட்டிக்காரி, பாடல் குழுவிலும் பாடினாள். அவள் பள்ளியை விட்டு நின்ற பிறகு அந்த ஏட்டை எடுத்துக் குறுக்கே படித்தோம். ஜூலையிலிருந்து திங்கட்கிழமை தோறும் வராத குறி. திங்கள் சந்தை நாள். தாய் சந்தைக்குப் போக, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் நின்றிருக்கிறாள். அக்டோபரில் திங்களோடு செவ்வாயும் சேர்ந்தது. டிசம்பரில் எல்லா நாளும். மூன்று மாதம் அந்த ஏடு நம்மைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தது. நாம் அடியிலிருந்த கூட்டுத்தொகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜூலை மாதமே ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், "அம்மா, திங்கட்கிழமை குழந்தையை அங்கன்வாடியில் விட முடியுமா?" என்று கேட்டிருந்தால் போதும். யாரும் போகவில்லை. குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. அவள் எங்கே இருக்கிறாள் என்று இன்று எந்த ஏட்டிலும் இல்லை. ஒவ்வொரு திருப்பலியிலும் அவளை நினைத்துக்கொள்கிறோம். நினைப்பது வேறு, அன்று எண்ணியிருப்பது வேறு.

ஆகவே, வாரம் ஒருமுறை குறுக்கே படியுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே ஆள் போகட்டும். ஆசிரியரே போக வேண்டும் என்பதில்லை. அன்பியக் குடும்பங்கள் எதற்கு இருக்கின்றன? போனவர் யார், வீட்டில் சொன்னது என்ன என்று ஒரு வரி எழுதப்பட வேண்டும்.

அடுத்து, பிள்ளைக்கு ஒரு பக்கம். வகுப்பில் 36 பிள்ளைகள் என்றால் 36 பக்கமுள்ள ஒரு குறிப்பேடு. நாள்தோறும் மூன்றே பிள்ளைகளைப் பற்றி எழுதினால் 12 வேலை நாட்களில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஏறக்குறைய 18 குறிப்புகள் இருக்கும். ஒரு குறிப்பு ஒரு வரிதான். ஆனால் அது எப்படிப்பட்ட வரி என்பது முக்கியம். "மந்தம்", "கவனமில்லை", "திருந்த வேண்டும்" என்று எழுதாதீர்கள். அவை நம் சலிப்பைக் காட்டுமேயன்றிப் பிள்ளையைக் காட்டா. "கடன் வாங்கிக் கழித்தல் வருகிறது, பின்னத்தில் கீழ் எண் ஒன்றாக இல்லாவிட்டால் தடுமாறுகிறான்" என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு ஆசிரியர் அதைப் படித்த மறுநாளே வேலையைத் தொடங்கலாம். மதிப்பெண் 35 என்பது ஒரு செய்தி. எந்த 65 வரவில்லை என்பதுதான் பயன்படும் செய்தி. 2012-13 முதல் முப்பருவ முறையுடன் வந்த தொடர் மதிப்பீட்டில், வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்ததன் நோக்கமும் இதுவே: தேர்வு நாளுக்கு முன்பே பிள்ளையை அறிந்துகொள்ள வேண்டும். அந்த 40 மதிப்பெண்ணைப் பருவக் கடைசியில் ஒரே மாலையில் உட்கார்ந்து போட்டுவிட்டால் நோக்கம் கெட்டது.

ஓர் எச்சரிக்கை. அந்தக் குறிப்பேடு பிள்ளையின் மானத்தைக் காக்க வேண்டும். வீட்டுச் சண்டை, தந்தையின் குடி, நோய் ஆகியவை தெரியவந்தால் பிள்ளைக்கு உதவத் தேவையான அளவே எழுதுங்கள், பூட்டி வையுங்கள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் யாருடைய குறையையும் படிக்காதீர்கள். இரகசியம் காப்பது குருவுக்கு மட்டும் உரிய கடமையன்று.

அலுவலருக்கான ஏடும் பிள்ளைக்கான ஏடும்

உங்கள் சுமையை நாம் அறியாதவரல்லோம். காலையில் கைப்பேசியில் வருகையை எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டும். இணையம் கிடைக்காவிட்டால் மாடிப்படி ஏறி நிற்கிறீர்கள். நலத்திட்டப் பொருள்களுக்குக் கணக்கு, உதவித்தொகைக்குக் கணக்கு, தேர்தல் வந்தால் அந்த வேலையும் உண்டு. எமிஸ் நன்மையே, பிள்ளை வேறு பள்ளிக்குப் போனாலும் அவனுக்குரிய எண் கூடவே போகிறது. ஆனால் யார் வரவில்லை என்பதை அது சொல்லும். ஏன் வரவில்லை என்பதை வகுப்பாசிரியர்தாம் சொல்ல முடியும்.

வட்டாரக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வருகிறார் என்றதும், முந்தின இரவு கண்விழித்துப் பழைய தேதிகளிட்டுக் குறிப்பெழுதும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அந்த ஏடுகளில் அடித்தல் திருத்தல் இராது, மை ஒரே நிறமாயிருக்கும், அட்டை கசங்கியிராது. அலுவலருக்கும் அது தெரியும். அழகிய ஏடு பொய் சொல்லலாம். கசங்கிய ஏடு பெரும்பாலும் உண்மை பேசும்.

நம் சத்துணவுக் கூடத்தைப் பாருங்கள். 1982இல் அத்திட்டம் தொடங்கியது முதல் உலை வைக்குமுன் தலைகளை எண்ணிக் கேட்கிறார்கள். எண்ணிக்கை தெரியாமல் அரிசி போடுவதில்லை. வயிற்றுக்கு உணவிட எண்ணுகிற நாம், அறிவுக்கு உணவிட எண்ண வேண்டாமா?

ஆதலின் இந்தப் பவள விழா ஆண்டில் தாளாளர் என்ற முறையில் இரண்டு முடிவுகளை அறிவிக்கிறோம். ஒன்று: ஏற்கெனவே அரசுக்குக் கொடுக்கும் விவரத்தையே மறுபடி எழுதி நம் அலுவலகத்துக்கு நீங்கள் மாதந்தோறும் அனுப்பி வந்த அறிக்கை இனி வேண்டாம். அந்த நேரம் பிள்ளைகளின் பக்கங்களுக்குச் செல்லட்டும். இரண்டு: ஏப்ரல் மாதக் கடைசி வேலை நாளன்று பிற்பகல் முழுவதும் ஒப்படைப்பு நேரம். கீழ் வகுப்பாசிரியரும் மேல் வகுப்பாசிரியரும் அருகருகே உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்து ஒப்படைக்க வேண்டும். அன்று நாமும் வந்து உட்காருவோம். கையொப்பமிட அல்ல, கேட்க.

பெற்றோர்களே, உங்களுக்கும் உண்டு

வகுப்பு முடிந்த பின் ஆசிரியர் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டு, "சும்மா உட்கார்ந்திருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். ஆசிரியரின் வார வேலை 45 மணி என்று கணக்கிட்ட அதே சட்ட அட்டவணை, பாடம் தயாரிக்கும் நேரத்தையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது. விதை பொறுக்கும் நேரமும் விவசாய வேலைதானே?

முன்னேற்ற அறிக்கை வீட்டுக்கு வந்தால் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையையே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறப்புச் சான்று, திருமுழுக்குச் சான்று, மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு மழை படாத இடத்தில் வையுங்கள். வேலைக்காக வெளியூர் போவதாயிருந்தால் போகுமுன் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளை எதுவரை படித்திருக்கிறான், இனி எதைப் படிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தருவார். போகிற ஊரில் பள்ளி எங்கே என்று விசாரித்து அதை அங்கே காட்டுங்கள். போவதைத் தடுக்க நம்மிடம் பணமில்லை; பிள்ளை தொலையாமல் இருக்க ஒரு தாளாவது கொடுத்தனுப்ப முடியும்.

அந்தச் சிறுவனின் கதையை முடிக்காமல் விட்டோம். அவன் தாயிடம் பேசினோம். ஆட்டுக்காரரிடம் வாங்கியிருந்த சிறு தொகையை வின்சென்ட் தே பால் சபையினர் தீர்த்தார்கள். கணக்கு ஆசிரியர், "இது என் தவறும்தான் சாமி" என்று சொல்லி, காலையில் அரை மணி முன்னதாக வந்து ஏழு வாரம் அவனுக்குத் தனியே கற்பித்தார். எங்கிருந்து தொடங்குவது என்று அவர் திகைத்தபோது, அவனே வழி காட்டினானாம். "ஆடு நாப்பத்திரண்டு இருக்கணும் சார். முப்பத்தொன்பதுதான் வந்திருந்தா மூணு குறைச்சல். அந்தக் குறைச்சல்தான் அந்தக் கோடா?" என்று கேட்டானாம். அன்றிலிருந்து முழுக்கள் அவனுக்கு எளிதாயின. இன்று அவன் அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். நம் பள்ளியை விட்டுப் போகும்போது அவன் மாற்றுச் சான்றிதழோடு ஒரு பக்கமும் அவனுடன் போயிற்று.

குறைச்சலைக் காட்டுகிற அந்தச் சிறு கோட்டைத்தான் ஒவ்வொரு பதிவேடும் நமக்குக் காட்டுகிறது. அதைக் கண்டு கூசாமல் உற்றுப் பார்ப்போம். எழுபத்தைந்து ஆண்டுகளாக இப்பள்ளியில் சுண்ணத் துண்டு பிடித்த ஆசிரியர் எத்தனையோ பேர். அவர்களுள் இறைவனடி சேர்ந்தவர்களை நன்றியோடு நினைப்போம். அவர்கள் தொடங்கிய எண்ணிக்கையை நாம் நிறுத்தாதிருப்போம். தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நல்லாயன் நம் ஆசிரியர்களின் கைகளையும், அவர்கள் எழுதும் ஏடுகளையும், அவற்றில் பெயர் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும், பெயர் விட்டுப்போன அந்த ஒரு பிள்ளையையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

மரியே வாழ்க!

- பங்குத் தந்தை